டெண்டர் உறைக்குள் என்ன இருக்கிறது? குடிநீர்ப் பணிகள்: வாசகர் கேள்வி பதில்

நகராட்சி, மாநகராட்சி குடிநீர்ப் பணிகளின் டெண்டர் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். தமிழ்நாட்டில் இவற்றுக்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும். ஒவ்வொரு வேலைக்கும் அதன் டெண்டர் ஆவணத்தில் உள்ள நிபந்தனையையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

மேல்நிலைத் தொட்டியும் 18 கி.மீ. பகிர்மானக் குழாயும் சேர்த்து 12 கோடி ரூபாய் மதிப்பீடு. நான்கு பேர் போட்டதில் ஒருவர் 22 சதவீதம் குறைத்திருக்கிறார். நகராட்சிக்கு 2.64 கோடி மிச்சம் என்று மன்றத்தில் பலர் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. ஏற்கலாமா, நிராகரிக்கலாமா?
— நகர்மன்ற உறுப்பினர், வேலூர் மாவட்டம்

மற்ற மூவர் எங்கே நிற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்களும் 14, 16, 17 சதவீதம் குறைத்திருந்தால் உங்கள் எஸ்டிமேட்தான் ஊதியிருக்கிறது. கம்பியும் குழாயும் விலை ஏறியிருந்தபோது போட்ட மதிப்பீடாக இருக்கலாம். மூவரும் மதிப்பீட்டை ஒட்டி, இரண்டு மூன்று சதவீதம் மேலே கீழே நிற்க, ஒருவர் மட்டும் 22 குறைத்திருந்தால் உறுத்த வேண்டியதுதான். ஆனாலும் 'ரொம்பக் குறைவு' என்பது மட்டுமே நிராகரிக்கக் காரணம் ஆகாது. பக்கத்து ஊரில் தொட்டி வேலை முடித்து, சென்ட்ரிங் தகடும் ஆட்களும் சும்மா இருக்கும் ஒப்பந்தக்காரரால் உண்மையிலேயே குறைத்துப் போட முடியும்.

எனவே அவரிடம் எழுத்துமூலம் விலைப் பகுப்பாய்வு கேட்கச் சொல்லுங்கள். பட்டியலில் தனித்தனி விலை போட்ட நூற்றுச் சொச்சம் இனங்களுக்கும் (வேலைக் கூறுகளுக்கும்) கேட்டால் ஒரு கட்டு காகிதம் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். இனங்களைத் தொகை வரிசையில் அடுக்கி மேலிருக்கும் பத்துப் பன்னிரண்டை மட்டும் கேட்டால் போதும். குழாய், கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங், பள்ளம் தோண்டல், சாலை சீரமைப்பு இவற்றில்தான் பணம் இருக்கும்.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் தேக்கும் கட்டுமானத்துக்கான ஐ.எஸ். 3370 தரப்படி இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் எம்-30 என்ற வலிமைத் தரத்துக்குக் குறையக் கூடாது. ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட் என்றால் 7 மூட்டை. மூட்டை 350 ரூபாய் என்று வைத்தாலும் சிமென்ட் மட்டும் 2,450 ரூபாய். அதன்மேல் ஜல்லி, எம்-சாண்ட், கலவை எந்திரம், 20 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் கூலி, வைப்ரேட்டர், நீராற்றுதல். அவர் 4,000 ரூபாய் போட்டிருந்தால் எந்த வரியில் மிச்சம் பிடித்தார் என்று காட்டட்டும். டக்டைல் அயர்ன் குழாய்க்கு ஆலை விலைப்புள்ளி கேளுங்கள். மீட்டர் விலை ஆலை விலைக்கும் கீழே என்றால் கே-9 வகுப்பு கேட்ட இடத்தில் சுவர் மெல்லிய கே-7 கணக்குப் போட்டிருப்பார், அல்லது ஆவணத்தையே சரியாகப் படிக்கவில்லை.

விளக்கம் ஏற்கும்படி இருந்தால் வேலையைக் கொடுங்கள். குறைத்துப் போட்டதற்கான கூடுதல் காப்புத்தொகை எவ்வளவு என்று ஆவணத்தில் இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அது வந்து சேர வேண்டும். வங்கி உத்தரவாதமாகத் தந்தால், அந்தக் கடிதத்தை ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த தாளை வைத்து நம்பாமல் வங்கியின் கிளைக்கு நேரே எழுதி உறுதி செய்யவும்.

இதற்குப் பிறகுதான் உண்மையான அபாயம். குறைத்துப் போட்டவர் முதல் மூன்று மாதத்தில் 18 கி.மீ. குழாயையும் இறக்கிவிடுவார். குழாய் இறங்கியதும் 90 சதவீதம் பில் போடலாம் என்று ஆவணத்தில் இருந்தால் அவருக்கு லாபம் அங்கேயே முடிந்துவிடும். இணைப்பு, அழுத்தச் சோதனை, தோண்டிய தெருவை மூடுவது எல்லாம் நஷ்ட வேலை. ஆள் வர மாட்டார். இறக்கியதற்கு 60, பதித்து இணைத்ததற்கு 25, சோதனையில் தேறியதற்கு 15 என்கிற மாதிரிப் பிரிவு இருந்தால் இந்த வாசல் அடைபடும். டெண்டர் வந்த பிறகு இதை மாற்ற முடியாது. அடுத்த டெண்டரிலாவது மன்றம் கேட்க வேண்டிய கேள்வி இது.

மொத்தத் தொகையில் குறைந்தவருக்கே கொடுத்தோம். வேலை முடிந்தபோது இரண்டாமவர் சொன்னதைவிட அதிகம் ஆகிவிட்டது. தணிக்கையில் கேள்வி வந்திருக்கிறது. எங்கே தப்பு?
— உதவிப் பொறியாளர், பேரூராட்சி

பில்லில் கெட்டிப் பாறை இனத்தைப் பாருங்கள். இது மிகப் பழைய வித்தை, இன்னும் பலிக்கிறது.

எடுத்துக்காட்டாக, 'அ' 11.82 கோடி, 'ஆ' 11.96 கோடி. 14 லட்சம் வித்தியாசத்தில் 'அ' முதலிடம். எஸ்டிமேட்டில் கெட்டிப் பாறை உடைத்தல் 300 கன மீட்டர்தான். 'அ' அதற்கு 2,800 ரூபாய் போட்டார், 'ஆ' 950. அளவு சிறியது, எனவே மொத்தத்தில் யார் கண்ணிலும் படவில்லை. 'அ' மட்டும் குழாய்ப் பாதையை நடந்து பார்த்து, ஊரில் கிணறு வெட்டியவர்களிடம் விசாரித்திருக்கிறார். தோண்டியபோது பாறை 2,100 கன மீட்டர் வந்தது. கூடுதலாக வந்த 1,800 கன மீட்டருக்கு வித்தியாசம் 1,850 வீதம் 33.3 லட்சம். 14 லட்சம் குறைவாக இருந்தவர் 19.3 லட்சம் கூடுதலாக முடித்தார்.

அவர் செய்தது ஊகம், குற்றமில்லை. தப்பு 300 என்று எழுதிய கையில் இருக்கிறது. பாதை நெடுக 200 அல்லது 250 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி போட்டு, பாறை எந்த ஆழத்தில் தட்டுகிறது என்று குறித்திருந்தால் வித்தைக்கே இடமில்லை. அதற்கு ஆகும் செலவு 33 லட்சத்தில் ஒரு துளி.

டெண்டரில் தகுதியும் வடிவமைப்பும் இருப்பது தொழில்நுட்ப உறை, விலை இருப்பது விலை உறை. விலை உறை திறந்த பிறகு செய்யக்கூடியது: எல்லா இனத்துக்கும் மதிப்பீட்டு விலை, ஒவ்வொருவர் விலை, சதவீத வித்தியாசம் என்று ஒரே தாளில் போடுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் ஏறியும் இறங்கியும் நிற்கும் இனங்களைத் தனியாக எடுத்து, 'இந்த அளவு இரண்டு மடங்கானால் வரிசை மாறுமா?' என்று கணக்குப் பாருங்கள். மாறும் என்றால் அந்த அளவைக் களத்தில் மறுபடி சரிபார்த்துவிட்டு ஏற்பதா என்று முடிவெடுங்கள். அளவு 25 சதவீதத்துக்கு மேல் கூடினால் கூடுதல் அளவுக்குப் புதிய விலை என்கிற மாறுபாட்டு நிபந்தனை ஆவணத்தில் இருந்தால் பாதி பிரச்சினை தீரும். இருந்தும் பல இடங்களில் பயன்படுத்துவதில்லை. எம்-புக்கில் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில்) அளவு ஏறிக்கொண்டே போகும், பழைய விலையிலேயே பில் போகும்.

எதிர்த்திசை வித்தையும் உண்டு. தொடக்கத்தில் வரும் பள்ளம், அடித்தளம் ஆகியவற்றுக்கு விலை ஏற்றி, கடைசியில் வரும் சோதனை ஓட்டம், வண்ணம், வேலி ஆகியவற்றைத் தரைமட்டத்துக்குக் குறைப்பது. நகராட்சிப் பணத்தில் வட்டியில்லாக் கடன் வாங்குவதுபோல.

20 எம்.எல்.டி. (நாளுக்கு 2 கோடி லிட்டர்) சுத்திகரிப்பு நிலையம். வடிவமைத்துக் கட்டித் தரும் ஒப்பந்தம், பம்ப் உள்பட. ஒருவர் மற்றவரைவிட 80 லட்சம் குறைவு. இருவரும் தகுதி பெற்றவர்கள். இங்கே என்ன பார்க்க வேண்டும்?
— வாசகர், கோயம்புத்தூர்

இரண்டு இடம். ஒன்று வடிகட்டிப் படுகையின் பரப்பு. 20 எம்.எல்.டி.யை நாளில் 22 மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 909 கன மீட்டர். மத்திய அரசின் குடிநீர்க் கையேடு விரைவு மணல் வடிகட்டிக்குச் சொல்லும் வேகம், சதுர மீட்டருக்கு நிமிடம் 80 முதல் 100 லிட்டர், அதாவது மணிக்கு 4.8 முதல் 6 மீட்டர். 5 என்று எடுத்தால் 182 சதுர மீட்டர் படுகை வேண்டும். மணிக்கு 8 மீட்டர் என்று வடிவமைத்தவருக்கு 114 போதும். கான்கிரீட், மணல், வால்வு எல்லாம் குறையும், விலையும் குறையும். பிறகு மழைக்காலத்தில் கலங்கல் ஏறும்போது படுகை சீக்கிரம் அடைபட்டு, அடிக்கடி கழுவி, சுத்தம் செய்த தண்ணீரையே வீணாக்க வேண்டிவரும். இந்த எண்ணைத் தொழில்நுட்ப உறையிலேயே பிடித்துவிட வேண்டும். விலை உறை திறந்த பிறகு 'படுகையைப் பெரிதாக்கு' என்றால் கூடுதல் பணம் கேட்பார்.

இரண்டாவது மின்சாரம். அதே 909 கன மீட்டரை 60 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, நீர்த்திறன் மட்டும் 148.6 கிலோவாட். பம்ப் 80, மோட்டார் 94 சதவீதத் திறன் என்றால் மீட்டரில் 198 கிலோவாட் ஓடும். பம்ப் 70, மோட்டார் 92 என்றால் 231. வித்தியாசம் 33 கிலோவாட். ஆண்டுக்கு 8,030 மணி நேரம் ஓடினால் 2.65 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 21 லட்சத்துக்கு மேல். பத்து ஆண்டுச் செலவை 10 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 1.30 கோடி. குறைந்த திறன் பம்பைக் கொடுத்தவரின் 80 லட்சம் 'சேமிப்பு' இதில் கரைந்து, மேலே 50 லட்சம் நட்டம்.

ஆனால் டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் இந்தக் கணக்கை வைத்து வரிசைப்படுத்த முடியும். 'ஒவ்வொரு கூடுதல் கிலோவாட்டுக்கும் 3.94 லட்சம் ரூபாய் சேர்த்து மதிப்பிடப்படும்' என்று ஒரே வரி. மேலே சொன்ன கணக்கில் ஒரு கிலோவாட்டின் மதிப்பு அதுதான். ஆலைச் சோதனையிலோ களத்திலோ அவர் உறுதி சொன்ன திறன் வராவிட்டால் அதே வீதத்தில் பிடித்தம் என்றும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் தாளில் 85 சதவீதம் எழுதித் தருவார்கள். உங்கள் டெண்டரில் அந்த வரி இல்லை என்றால் 80 லட்சம் குறைத்தவர்தான் முதலிடம். அவரை மாற்றப் புதுக் கணக்கு கொண்டுவந்தால் மேல்முறையீட்டில் நிற்காது.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இது இன்னும் பெரிய தொகை. ஒரு கிலோலிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை செலவாகும். நெம்மேலியில் 2024-இல் திறந்த 150 எம்.எல்.டி. அளவுள்ள ஆலையில், கிலோலிட்டருக்கு 0.1 யூனிட் கூடினாலே நாளுக்கு 15,000 யூனிட்.

இரண்டாம் இடத்தில் உள்ளவர் உள்ளூர்க்காரர், நல்ல வேலைக்காரர். முதலிடக்காரர் விலைக்கே செய்ய அவர் தயார். மாற்றிக் கொடுக்கலாமா?
— மன்ற உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

கூடாது. வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 10-வது பிரிவில் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு. ஆனால் அது முதலிடத்தில் இருப்பவரோடு மட்டும், அதுவும் அவர் விலை சந்தை விலையையோ விலைவிகிதப் பட்டியலையோ விட அதிகமாக இருக்கும்போது குறைக்கச் சொல்வதற்கு. முதலிடக்காரர் பின்வாங்கினால் டெண்டரோடு அவர் கட்டிய முன்வைப்புத் தொகை (இ.எம்.டி.) பறிமுதல். அப்போதும் இரண்டாமவரைக் கூப்பிடாமல் மறுடெண்டர் விடுவதுதான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் காட்டும் வழி. இரண்டாமவரைக் கூப்பிடலாம் என்று வைத்துவிட்டால், முதலிடக்காரரைப் பின்வாங்க வைக்க ஒரு தனிச் சந்தையே உருவாகிவிடும்.

எங்கள் நிறுவனம் தகுதி இருந்தும் இரண்டு முறை தொழில்நுட்ப உறையிலேயே வெளியேறிவிட்டது. ஒருமுறை பதிவேற்றியும் 'சமர்ப்பிக்கவில்லை' என்றார்கள்.
— ஒப்பந்தக்காரர், திருநெல்வேலி

இரண்டாவதை முதலில் பார்ப்போம். மின்-டெண்டர் தளத்தில் எல்லாக் கோப்பையும் ஏற்றி முடித்த பிறகு 'ஃப்ரீஸ்' பொத்தானை அழுத்தினால்தான் சமர்ப்பிப்பு. அதன்பின் வரும் ஒப்புகைத் தாளில் எண்ணும் நேரமும் இருக்கும். அது கையில் இல்லையென்றால் டெண்டர் போடவில்லை என்றே அர்த்தம். கெடு முடியும்வரை திருத்தி மறுபடி ஏற்றலாம், ஆனால் ஒருமுறை 'வித்டிரா' செய்தால் அந்த டெண்டரில் மறுபடி நுழைய முடியாது. நேரம் உங்கள் கடிகாரத்தில் இல்லை, சர்வர் கடிகாரத்தில். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள், 'ஃபைனல்-2' என்று சேமித்தால் தளம் ஏற்காது. டிஜிட்டல் கையெழுத்தின் காலாவதி தேதியை ஒரு வாரம் முன்பே பாருங்கள். கெடு நாளில் மதியம் மூன்று மணிக்கு உட்காருவது சூதாட்டம்.

தகுதியில் வெளியேறியதற்குப் பெரும்பாலும் காரணம் திறன் வரம்புக் கணக்கு. வழக்கமான சூத்திரம், அ × கா × 2 − க. 'அ' என்பது கடந்த ஐந்தாண்டில் ஏதாவது ஓராண்டில் நீங்கள் செய்த அதிகபட்ச வேலை, 'கா' இந்த வேலையின் காலம் ஆண்டுகளில், 'க' அதே காலத்தில் முடிக்க வேண்டிய கையிருப்பு வேலைகள். 40 கோடி, ஒன்றரை ஆண்டு, கையில் 75 கோடி என்றால் 120 − 75, அதாவது 45 கோடி. 62 கோடி வேலைக்கு நீங்கள் தகுதியில்லை. சிலர் இங்கே கையிருப்பு வேலையை மறைக்கிறார்கள். போட்டியாளர் கண்டுபிடித்து எழுதினால் தகுதிநீக்கத்தோடு கறுப்புப் பட்டியலும் வரும். பெருக்கும் எண் சில ஆவணங்களில் 2-க்குப் பதில் 1.5 என்று இருக்கும், கவனிக்கவும்.

அனுபவச் சான்றில் தொகையும் முடித்த தேதியும் மட்டும் போதாது. 'இதே போன்ற வேலை' என்று ஆவணம் எதைச் சொல்கிறதோ, அந்தச் சொல் சான்றிலும் இருக்க வேண்டும். தொட்டியும் குழாயும் செய்தவருக்கு 'பொதுப் பணி' என்று சான்று கொடுத்திருந்தால், அதைத் திருத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நிராகரிப்பு தவறு என்று கருதினால், டெண்டரை ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-வது பிரிவின்கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

'25 எம்.எல்.டி. நிலையத்தை 24 மாதத்தில் இந்த மாவட்டத்தில் கட்டியவர்' என்று நிபந்தனை. ஒரே நிறுவனம்தான் அதைச் செய்திருக்கிறது. எப்படி எதிர்ப்பது?
— வாசகர், சேலம்

விலை திறந்த பிறகு எதிர்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். டெண்டர் போடுமுன் சந்தேகம் கேட்க நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஒப்பிட்டுக் காட்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் சொன்னது, ஏழாண்டில் மதிப்பீட்டின் 40 சதவீதத்தில் மூன்று வேலை, அல்லது 50 சதவீதத்தில் இரண்டு, அல்லது 80 சதவீதத்தில் ஒன்று. சராசரி ஆண்டு வருவாய் மதிப்பீட்டின் 30 சதவீதம். மாநில அமைப்புகளை இது கட்டாயப்படுத்தாது, ஆனால் இதைவிட இறுக்கினால் ஏன் என்று அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாவட்ட எல்லைக்கும் கட்டும் திறமைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வரியில் கேளுங்கள்.

டெண்டர் போடத் தந்த கெடுவையும் எண்ணிப் பாருங்கள். மதிப்பு 2 கோடி வரை என்றால் 15 நாள், அதற்கு மேல் 30 நாள் குறைந்தபட்சம். குறைத்திருந்தால் மேலதிகாரியின் காரணம் எழுதப்பட்ட அனுமதி இருக்க வேண்டும்.

அதே கூட்டத்தில் கேட்க வேண்டியவை இன்னும் உண்டு. ஜி.எஸ்.டி. விலைக்குள்ளா, வெளியிலா? தொட்டியின் கசிவுச் சோதனைக்குத் தண்ணீர் யார் தருவது? சிரிக்க வேண்டாம். 10 லட்சம் லிட்டர் தொட்டியை நிரப்ப 12,000 லிட்டர் லாரி 84 நடை. ஒருவர் அதைச் சேர்த்துப் போட்டு, மற்றவர் நகராட்சி தரும் என்று விட்டுவிட்டால் இரண்டு விலையும் ஒரே வேலைக்கானது இல்லை. பதில்கள் திருத்தமாகத் தளத்தில் வந்தால்தான் செல்லும். வாய்மொழிக்கு மதிப்பில்லை.

நான்கு பேரும் ஒரு சதவீத இடைவெளியில் போட்டிருக்கிறார்கள். கூட்டுச் சேர்ந்தார்களா என்று எப்படித் தெரியும்?
— வாசகி, மதுரை

விலை நெருக்கம் மட்டும் சான்று ஆகாது, எல்லோரும் ஒரே ஆலையில்தான் குழாய் வாங்குகிறார்கள். தாள்களில் தடயம் தேடுங்கள். ஒரே எழுத்துப்பிழை இரண்டு கடிதத்தில், ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்ணில் எடுத்த வரைவோலைகள், ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்) பதிவேற்றம், எல்லா இனத்திலும் சரியாக 3 சதவீதம் கூட்டிய விலைப்பட்டியல். ஒருவர் கணக்கில் உள்ள ஒரு அளவுப் பிழையை மற்றவர் அப்படியே நகலெடுத்திருப்பார். புனே மாநகராட்சியின் குப்பைச் செயலாக்க டெண்டர்களில் 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் கூட்டுச்சதி என்று முடிவெடுத்தபோது, ஒரே ஐ.பி. முகவரியும் தடயங்களில் ஒன்று. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-வது பிரிவில் இதற்குத் தடை உண்டு. யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்குத் தகவல் தரலாம்.

குடியிருப்போர் சங்கமாக எங்களால் என்ன பார்க்க முடியும்?
— சங்கச் செயலாளர், ஆவடி

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம், 30 நாள். 'டெண்டர் பற்றிய எல்லாத் தகவலும்' என்று கேட்காதீர்கள். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பு, விலை ஒப்பீட்டுப் பட்டியல், ஒப்பந்தம், இன்னின்ன எண் பில்லுக்கான எம்-புக் பக்கங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுத்தால், வேலை ஒப்படைத்த பிறகு ஒப்பீட்டுப் பட்டியலில் என்ன ரகசியம் என்று முதல் மேல்முறையீட்டில் கேட்கலாம்.

பலர் பயன்படுத்தாத ஒன்று அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. குழாயின் மேல் அச்சிட்ட தர எண்ணும் வகுப்பும் ஒப்பந்தத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மண் மூடுவதற்கு முன் பாருங்கள்.